பஞ்சுருட்டான் சுவர்

ஒன்பது மீட்டர் ஆழப் பள்ளத்தை இரண்டு மீட்டர் என்று அறிக்கையில் எழுதிவிட்டால் அது இரண்டு மீட்டர்தான். அளந்து பார்க்க யாரும் இறங்கப் போவதில்லை. அப்படி எழுதியவர் ஸ்ரீரங்கத்து ராஜகோபாலன், சுற்றுச்சூழல் ஆலோசகர். அதே அறிக்கையில் ‘பறவைகளும் விலங்குகளும்’ என்ற பகுதிக்குக் கீழே கையெழுத்துப் போட்டவள் ஆபிதா, திருச்சியில் ஒரு கல்லூரியில் இருபத்து மூன்று வருடமாக விலங்கியல் நடத்துகிறவள். ஏப்ரல் கடைசியில் போட்ட அந்தக் கையெழுத்து நினைவுக்கு வரும்போதெல்லாம், வலது கையைக் கழற்றி எங்காவது வைத்துவிட்டு வந்துவிடலாம் போலிருக்கும் அவளுக்கு.

காசுக்காகப் போடவில்லை. ஒரு சுவருக்காகப் போட்டாள்.

கொள்ளிடத்தின் வடகரையில் தாயுமானவனின் கம்பெனி பதினான்கு வருடம் கிராவல் அள்ளியது. ஆற்றுத் திட்டுகளில் முட்டையிட்டுக்கொண்டிருந்த ஆலாக்கள் லாரிச் சத்தம் தாங்காமல் ஒரு வருடம் முட்டைகளை விட்டுவிட்டுப் பறந்தன. மறுவருடம் திட்டே இல்லை, அதையும் லாரி ஏற்றிவிட்டார்கள். கரையோர நாணலில் குட்டிகளோடு திரிந்த நீர்நாய்க் குடும்பத்தைக் கடைசியாகப் பார்த்து ஆறு வருடம் ஆகிறது, அதுவும் சாலையில், தட்டையாக. ராஜகோபாலனின் அறிக்கையில் மட்டும் நீர்நாய் இன்னும் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தது: ‘பரவலாகக் காணப்படுகிறது.’

அறிக்கை எதற்கு என்றால், சாலைக்கு எதிர்ப்புறம் தாயுமானவனுக்குப் புதிய குவாரிக்கு அனுமதி வேண்டும். பழைய பள்ளத்தைச் சீராக்கி, மரம் வைத்து, போன உயிரெல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று காட்டினால்தான் புதியதைத் தோண்டலாம். ஆறின புண்ணைக் காட்டினால் அடுத்த வெட்டுக்கு அனுமதி. இப்படி ஒரு நிபந்தனையை யோசித்தவருக்கு நிச்சயம் எங்கேயாவது பொன்னாடை போர்த்தியிருப்பார்கள்.

அதற்காக நகரத்து இடிந்த கட்டடங்களின் செங்கல் சல்லியையெல்லாம் கொண்டுவந்து கொட்டிப் பள்ளத்தைப் பத்தடி தூர்த்தார்கள். மரக்கன்று நட்டார்கள். நாலு பக்கச் சுவரையும் வெட்டிச் சரிவாக்க வேண்டும் என்பது திட்டம். மூன்று பக்கம் ஆனது. மேற்குப் பக்கச் சுவரை மட்டும் பொக்லைன் எட்டாமல் விட்டு வைத்திருந்தார்கள், அறுபதடி நீளம், இருபதடி உயரம், செங்குத்தாக. அந்த மிச்சத்தில்தான் மார்ச் மாதம் நீலவால் பஞ்சுருட்டான்கள் வந்து இறங்கின.

பஞ்சுருட்டான் மரத்தில் கூடு கட்டாது. செங்குத்தான மண் சுவர் வேண்டும் அதற்கு. அலகால் குத்திக் காலால் மண்ணைத் தள்ளித் தள்ளி, நீளமான கை ஒன்று முழுசாக நுழைகிற அளவுக்குச் சுரங்கம் தோண்டும். அதன் கடைசியில் முட்டை. ஆற்றுக்கரையில் இயற்கையாக இருந்த மேடுகளையெல்லாம் கம்பெனி கரைத்து முடித்திருந்ததால், கம்பெனியின் பொக்லைன் பல் பட்ட தழும்பிலேயே அவை குடியேறின. ஆபிதா ஏப்ரலில் ஒவ்வொரு ஞாயிறும் வந்து எண்ணினாள். நூற்றி அறுபத்து மூன்று பொந்துகள். பதினான்கு வருடத்தில் அந்தப் பள்ளத்தில் நடந்த ஒரே நல்ல காரியம், யாரும் செய்யாமல் நடந்தது.

“சார், குஞ்சு பொரிச்சுப் பறக்க ஜூன் கடைசி ஆயிடும். அதுவரைக்கும் அந்தச் சுவரை யாரும் தொடக்கூடாது” என்றாள் ராஜகோபாலனிடம்.

“தொட மாட்டா. நான் கேரண்டி. நீங்க கையெழுத்தை மட்டும் போட்டுடுங்கோ.”

போட்டாள். நீர்நாய்க்கும் சேர்த்துத்தான் போட்டாள்.

ஜூன் ஐந்து, உலகச் சுற்றுச்சூழல் தினம். விழா காலை பத்தரைக்கு. ஆபிதா எட்டு மணிக்கே ஸ்கூட்டரில் கிளம்பி, காவிரிப் பாலம், ஸ்ரீரங்கம், கொள்ளிடப் பாலம் எல்லாம் தாண்டி வந்தாள். கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஒவ்வொரு மின்கம்பத்திலும் தாயுமானவன் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். பள்ளத்துக்குள் இறங்கும் மண் சாலையின் வாயிலில் தொட்டியத்திலிருந்து குலையோடு வெட்டி வந்த வாழை மரங்கள் இரண்டு பக்கமும் எட்டு. சுற்றுச்சூழல் தினத்துக்காக வெட்டியது. உள்ளே பந்தல், வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள், கரகரவென்று ஒரு மைக். பக்கத்துச் சரிவில் நேற்று நட்ட மரக்கன்றுகள் வரிசை தப்பாமல் நின்றன. குனிந்து பார்த்தால் பாதிக் கன்றுகள் நர்சரியின் கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு அப்படியே மண்ணுக்குள் போயிருந்தன. வேர் விட வேண்டுமென்றால் அவை முதலில் பையோடு ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆபிதா நிமிர்ந்து மேற்குப் பக்கம் பார்த்தாள். சுவரைக் காணவில்லை.

சுவர் இருந்த இடத்தில் சிறப்பு விருந்தினர் இருந்தார். அவருடைய நெற்றி மட்டும் நாலடி. அவருக்கு அடுத்து தாயுமானவன், அப்புறம் அளவு குறைந்துகொண்டே போய் மொத்தம் பதினொரு முகம். அறுபதடி நீளத்துக்கும் ஒரே பேனர், மேலிருந்து கீழ்வரை. ‘காவிரித் தாயின் காயம் ஆற்றிய கருணைக் கடலே வருக.’ ஓரத்தில் இயற்கைக்கும் ஓர் இடம் கொடுத்திருந்தார்கள்: சிவப்பும் நீலமுமாக ஒரு பஞ்சவர்ணக்கிளி, தென்னமெரிக்காக்காரன். கொள்ளிடக்கரையை அது கனவிலும் கண்டிருக்காது.

பேனருக்கு முன்னால், காற்றில், நாற்பது ஐம்பது பஞ்சுருட்டான்கள். ஒவ்வொன்றின் அலகிலும் ஒரு தும்பியோ குளவியோ. சிறப்பு விருந்தினரின் கன்னத்தை நோக்கிப் பறந்து வரும், ஒரு சாண் தூரத்தில் சிறகடித்து நிற்கும், திரும்பும். மறுபடி வரும். சில, பேனர் கட்டிய கயிற்றில் வரிசையாக உட்கார்ந்து, வாயில் இரையோடு, என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தன. ஒன்று மட்டும் போய்ப் போய் ‘கருணை’யில் மோதிக்கொண்டிருந்தது.

சைட் சூப்பர்வைசர் பிச்சமுத்து கையில் டீயோடு வந்தார். சந்தோஷமாக இருந்தார்.

“வாங்க மேடம். எப்படி இருக்கு செட்டப்பு?”

“இதை எப்பங்க கட்டினீங்க?”

“நேத்து சாயங்காலம் ஆறரை இருக்கும். காத்துல ஒரே படபடப்பு. அதான் மேலயும் ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, அடியில மண்ணைப் போட்டு அணைச்சுட்டேன். ஒரு எறும்பு உள்ள போகாது மேடம்.”

ஆபிதா பேனரின் அடியைக் குனிந்து பார்த்தாள். இருட்டுகிற நேரத்தில் கட்டியிருக்கிறார்கள். ராத்திரி பொந்துக்குள் குஞ்சுகளோடு தங்கிய தாய்ப் பறவைகள் எத்தனையோ, அவையும் உள்ளே. விடிந்ததிலிருந்து ஒரு குஞ்சுக்கும் தீனி இல்லை. கிழக்குப் பார்த்த சுவர், ஒன்பது மணிக்கே வெயில் பளீரென்று விழுகிறது. பிளாஸ்டிக் துணிக்குப் பின்னால் இட்லிப் பானை போல அவிந்துகொண்டிருக்கும்.

“பிச்சமுத்து, இதை உடனே அவிழ்க்கணும். பின்னாடி குஞ்சு இருக்கு. உங்களுக்குத் தெரியுமில்ல, நான் காமிச்சேனே.”

“தெரியும் மேடம். நீங்க சுவரைத் தொடக்கூடாதுன்னு சொன்னீங்க. நானும் பசங்ககிட்ட கண்டிஷனா சொல்லிட்டேன், ஒரு ஆணி சுவத்துல இறங்கக் கூடாதுன்னு. பாருங்க, முன்னாடி சவுக்கு நட்டுத்தான் கட்டியிருக்கு.” அவர் முகத்தில் நிஜமாகவே பெருமை. “விழா முடிஞ்சதும் அவிழ்த்துடறேன்.”

“எப்ப முடியும்?”

“ஐயா பன்னெண்டுக்கு வர்றதா இப்ப போன் வந்துச்சு. பேசி, கன்னு நட்டு, சாப்பாடு முடிய மூணு மணி ஆகும். நாலு வச்சுக்குங்களேன்.”

“பன்னெண்டு மணிக்கே எல்லாம் செத்துப் போயிடும்ங்க.”

பிச்சமுத்து டீயைப் பார்த்தார். “நான் சம்பளக்காரன் மேடம். பேனர்ல கை வச்சா என்னைத்தான் முதல்ல மண்ணைப் போட்டு அணைப்பாங்க. சார்கிட்ட பேசுங்க.”

சார் மேடையில் இருந்தார். ஜரிகை வேட்டி, நெற்றியில் பளிச்சென்று திருமண், கையில் வரவேற்புரை நாலு பக்கம். காலி நாற்காலிகளைப் பார்த்து ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. “பஞ்சபூதங்களும் பரமாத்மாவின் திருமேனி என்று நம் பூர்வாசாரியர்கள் ஸாதித்தருளிய அந்த ஸத்தியத்தை இன்று கார்ப்பரேட் உலகிலே அனுஷ்டானத்தில் கொண்டுவந்தவர்…” ஆபிதாவைக் கண்டதும் மைக்கைக் கையால் பொத்தினார். “வாங்கோ வாங்கோ. உங்களுக்கும் ஷால் உண்டு, தெரியுமோ? மூணாவது வரிசையிலே பேர் சேர்த்திருக்கேன்.”

“சார், பேனரை எடுக்கச் சொல்லுங்க. பொந்து எல்லாம் அடைஞ்சு போச்சு.”

“அடடா. ஆனா யோசிச்சுப் பாருங்கோ. சுவரைத் தொடப்படாதுன்னேள். யாராவது தொட்டாளா? உங்க கண்டிஷனை அக்ஷரசுத்தமாக் காப்பாத்தியிருக்கோம். மூடப்படாதுன்னு நீங்க எழுதித் தரலையே.”

ஆபிதா அவரையே பார்த்தாள். நாலு மாதமாக இந்த மனிதரோடு வேலை செய்தும் அவரைச் சரியாக எடை போடவில்லை என்று பட்டது. அவர் குதர்க்கம் பேசவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார்.

“சார், அதுங்களுக்குக் காலையிலேர்ந்து சாப்பாடு இல்ல.”

“ஸகல ஜீவராசிக்கும் ஆகாரம் போடறவன் மேலே இருக்கான் ஆபிதா.”

“அவன் போட்டுட்டுத்தான் இருக்கான் சார். வாயில தும்பியோட அம்பது பேர் வாசல்ல நிக்கிறாங்க. நீங்க கதவை மட்டும் திறக்கச் சொல்லுங்க.”

ராஜகோபாலன் பேனரைத் திரும்பிப் பார்த்தார். பறவைகள் சுற்றிச் சுற்றி வந்தன. அவர் முகம் மலர்ந்தது. “ஏதோ வைகுண்ட வாசலிலே காத்துண்டிருக்கற மாதிரி இல்லை? எவ்வளவு பக்தி பாருங்கோ.”

அதற்கு மேல் அங்கே நின்றால் மைக் ஸ்டாண்டால் அடித்துவிடுவோம் என்று தோன்றி ஆபிதா இறங்கினாள். குவாரிக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரிக்குப் போன் செய்தாள். அவர் முதல் மணியிலேயே எடுத்தார். “மேடம், அங்கதான் வந்துட்டிருக்கேன், விழாவுக்கு. டோல்கேட் டிராபிக்ல மாட்டிக்கிட்டேன். பேனர்ல என் போட்டோ வந்திருக்கா பாருங்களேன். இடதுபக்கத்துலேர்ந்து ஒன்பதாவதுன்னு சொன்னாங்க.”

வந்திருந்தது. ஒன்பதாவதுதான்.

தாயுமானவன் பத்து மணிக்குக் காரில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு. மண்ணை விற்றுப் பிழைத்த மனிதர் மேல் ஒரு பொட்டு மண் இல்லை. ஆபிதா சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டார். பெரிய மனிதர்கள் மறுப்பதற்கு முன் பொறுமையாகக் கேட்பார்கள்.

“எத்தனை பொந்து தங்கச்சி?”

“நூத்தி அறுபத்து மூணு.”

“நூத்தம்பது கூண்டு வாங்கி மரத்துல தொங்க விட்டிருக்கேன், பச்சைப் பெயிண்ட் அடிச்சு, மேல கம்பெனி பேர் போட்டு. பார்க்கலையா? பதிமூணு பத்தலை, அவ்வளவுதானே. சாயங்காலமே வாங்கித் தந்துடறேன்.”

“இந்தப் பறவை கூண்டுல தங்காதுங்க. மண்ணுக்குள்ளதான் தங்கும்.”

“பழகிக்கும். அபார்ட்மெண்ட்டுக்கு நாம பழகலையா?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கையைக் காட்டியதும் நிறுத்தினார்கள். “இங்க பாருங்க. ஐயா வந்து மேடையில உட்கார்றப்ப பின்னாடி பொத்தல் பொத்தலா ஒரு சுவரு தெரிஞ்சா என்ன நினைப்பாரு? அம்மை போட்ட மூஞ்சியாட்டம். அதுவும் அவர் படத்தை எடுத்துட்டு அதைக் காட்டணுங்கிறீங்க. படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க.”

“நான் போட்ட கையெழுத்தை வாபஸ் வாங்கிக்குவேன்.”

“அறிக்கை போய்ச் சேர்ந்து ஒரு மாசம் ஆச்சும்மா. இன்னிக்கு மேடையில ஐயா கையால வாங்கற அனுமதி வெறும் அட்டை.” குரலில் கோபமே இல்லை. “போய் முன்வரிசையில ஃபேனுக்குக் கீழ உட்காருங்க. மோர் குடுக்கச் சொல்றேன்.”

மோர் வந்தது. பிளாஸ்டிக் டம்ளரில், மேலே கொத்தமல்லி தூவி.

ஆபிதா அதை நாற்காலியில் வைத்துவிட்டு பேனரின் ஓரத்துக்குப் போனாள். பிச்சமுத்து நன்றாகத்தான் அணைத்திருந்தார். துணியில் காதை வைத்தாள், சுட்டது. ஒன்பது மணிக்கு உள்ளிருந்து நடுக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒலி, நூறு சின்னத் தொண்டைகள் ஒன்றாக இரைகிற ஒலி, இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. துணிக்குப் பின்னால், அவள் காதுக்கு நேராக, ஒரு பெரிய பறவை சிறகை அடித்து அடித்து மேலே ஏற முயன்று சரிந்தது தெரிந்தது. அப்புறம் அசைவில்லை.

இருபத்து மூன்று வருடமாக மாணவர்களுக்கு ஆர்ப்பாட்டமில்லாமல் பாடம் நடத்தியவள். வீட்டில் கணவர் ஹாலித் ஏதாவது சத்தம் போட்டால்கூட ஜன்னலைச் சாத்துகிறவள். பேசினால் கேட்பார்கள், எழுதிக் கொடுத்தால் மதிப்பார்கள், ஒரு பொய்க்குத் தலையாட்டினால் ஒரு உண்மைக்கு இடம் கொடுப்பார்கள் என்று நம்பியவள். அந்த நம்பிக்கையின் விலைதான் இந்தத் துணிக்குப் பின்னால் வெந்துகொண்டிருந்தது. தாயுமானவன் மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. அவருக்காவது தான் யார் என்று தெரியும்.

பந்தல் காலில் ஒருவர் வாழை மரத்தின் காய்ந்த சருகைச் சீவிக்கொண்டிருந்தார். “அண்ணே, அந்தச் சூரிக்கத்தியைக் கொஞ்சம் குடுங்க” என்று கேட்டாள். மேடத்துக்கு ஏதோ நறுக்க வேண்டும் போல என்று கொடுத்துவிட்டார்.

பேனர் கட்டிய ஏணி ஓரத்திலேயே சாய்ந்திருந்தது, கிளியின் பக்கம். ஆபிதா துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஏறினாள். எட்டாவது படியில் முழங்கால் கிறீச்சிட்டது. கத்தியைக் கிளியின் உச்சந்தலையில் குத்தி வால்வரைக்கும் இழுத்தாள்.

நாலைந்து பேர் பார்த்தார்கள். காற்று போக ஓட்டை போடுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். பெரிய பேனரில் அப்படிப் போடுவதுண்டு.

கிளியின் வயிற்றுக்குப் பின்னால் ஒன்பது பொந்துகள். இரண்டு பஞ்சுருட்டான்கள் கிழிசலைக் கண்டதும் உள்ளே பாய்ந்தன.

ஏணியை நகர்த்தினாள். ‘காவிரித் தாயின் காயம்’ என்ற எழுத்துகள். மேலிருந்து கீழ். தாய் இரண்டாகப் பிளந்தாள். அதற்கும் யாரும் எழுந்திருக்கவில்லை. பிச்சமுத்து மட்டும் தூரத்தில் டம்ளரைக் கீழே வைப்பது தெரிந்தது.

அடுத்தது ஒரு முகம். பதினோராவது முகம், வட்டச் செயலாளரோ யாரோ, தபால்தலை அளவுதான். கத்தி அவருடைய காதோரம் பட்டதுதான் தாமதம், பந்தலே எழுந்து நின்றது.

“ஏய், யாரும்மா அது, அண்ணன் மேல கத்தி வைக்கிறது?”

“இறக்குங்கடா அந்தம்மாவை.”

“பிளான் பண்ணி வந்திருக்கு. எந்தக் கட்சின்னு கேளு.”

காவிரித் தாயைப் பிளந்தபோது வராத கோபம், வட்டச் செயலாளரின் காதுக்கு வந்தது. ஆபிதா ஏணியின் மேல் நின்று கீழே பார்த்தாள். முப்பது பேர் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். ஏணியை இன்னொரு தடவை நகர்த்த விடமாட்டார்கள். அடர்த்தியான பொந்துகள் இருப்பது நடுவில், சிறப்பு விருந்தினருக்கும் தாயுமானவனுக்கும் பின்னால், நூற்றுக்கு மேல். கை எட்டாது. அவள் பேனரின் மேல் கயிற்றை எட்டிப் பிடித்து, கட்டு இருந்த இடத்தில் கத்தியை வைத்து அறுத்தாள்.

மீதி வேலையை ஜூன் மாதத்துக் கொள்ளிடக் காற்று பார்த்துக்கொண்டது. கட்டு விட்ட மூலையில் புகுந்து துணியைப் பாய்மரம் போல உப்ப வைத்தது. ஏற்கெனவே கிழித்த இடத்திலிருந்து குறுக்கே பிய்த்துக்கொண்டே போனது. ஒன்பதாவது அதிகாரி மூக்கோடு போனார். தாயுமானவனின் கூப்பிய கைகள் தனித்தனியாகப் பிரிந்தன. நாலடி நெற்றி மடங்கி, பந்தலின் மேல் விழுந்து, அப்படியே தொங்கியது.

சுவர் வெளியே வந்தது.

யாரோ ஏணியை உலுக்கினார்கள். யாரோ அவள் காலைப் பிடித்து இழுத்தார்கள். கீழே விழுந்தவளுக்கு முழங்கை சிராய்த்து ரத்தம். ஒருவன் கையை ஓங்கினான். பந்தோபஸ்துக்கு வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் நடுவில் புகுந்து அவளை இழுத்துக்கொண்டுபோய் ஜீப்பின் பின்சீட்டில் உட்கார வைத்தார். கத்தியைக் கர்சீப்பில் சுற்றி எடுத்துக்கொண்டார். ஜீப் சுவருக்கு நேர் எதிரே நின்றிருந்தது.

“பொம்பளை போலீஸ் வர்ற வரைக்கும் உங்களைக் கூட்டிட்டுப் போக முடியாது. அசையாம உட்காருங்க. எந்த முகத்தை முதல்ல கிழிச்சீங்க?”

“முதல்ல கிளிங்க.”

“கிளியை விடுங்க. புகார் யார் குடுக்கணும்னு தெரியணும். முகத்துல முதல் முகம் எது?”

ஆபிதா கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு பொந்துக்கும் அதில் ஓர் எண் உண்டு.

எண்ணுவது சுலபமாக இருந்தது. தும்பியோடு உள்ளே போகிற பறவை வெறும் அலகோடு வெளியே வந்தால், உள்ளே யாரோ வாங்கித் தின்றிருக்கிறார்கள். தும்பியோடு உள்ளே போய் அதே தும்பியோடு வெளியே வந்தால், வாங்க ஆள் இல்லை. முதலில் அப்படி வந்தது எண்பத்தி நாலாம் பொந்துக்காரி. வாசலில் உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்த்தது. மறுபடி உள்ளே போனது. மறுபடி தும்பியோடு வந்தது. அலகை விட்டுத் தும்பியைக் கீழே போடக்கூட அதற்குத் தெரியவில்லை.

பன்னிரண்டரை மணிக்கு நோட்டில் கணக்கு முடிந்தது. வெறும் அலகோடு வெளியே வந்தவை நூற்றிப் பதினெட்டு. இரையோடு திரும்பி வந்தவை முப்பத்தொன்று. யாருமே வந்து எட்டிப் பார்க்காத பொந்து பதினான்கு. அந்தப் பதினான்கில் ராத்திரி உள்ளே தங்கிய தாய்கள் இருக்க வேண்டும்.

“சார், இதையும் எழுதிக்குங்க” என்றாள் சப்-இன்ஸ்பெக்டரிடம். “நாப்பத்தஞ்சு பொந்து போச்சு. அதோட, நான் ஏப்ரல்ல போட்ட கையெழுத்து பொய். பள்ளம் ரெண்டு மீட்டர் இல்ல, ஒன்பது. நீர்நாயும் கிடையாது. நானே சொல்றேன்.”

அவர் பேனாவை மூடினார். “மேடம், கேஸ் பேனர் சம்பந்தப்பட்டது. குழப்பாதீங்க.”

அப்போதுதான் சைரன் சத்தத்தோடு கார்கள் இறங்கின. தாயுமானவன் முகத்தில் ரத்தமில்லை. ஐயாவின் நெற்றி பந்தல் மேல் மடிந்து கிடக்கிறது, மேடைக்குப் பின்னால் பொத்தல் சுவர். சிறப்பு விருந்தினர் இறங்கி, சால்வைகளைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு, மேடையேறிப் பார்த்தார். முதுகுப்பக்கம் நூறு பச்சைப் பறவைகள் வெயிலில் மின்னிக்கொண்டு, வாலில் நீலமாக ஒரு கம்பி நீட்டிக்கொண்டு, சுவருக்குள் போவதும் வருவதுமாக இருந்தன.

“என்னய்யா இது?” என்றார்.

ராஜகோபாலன் மைக்கைப் பிடித்தார். நாலு பக்க உரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த நொடியில் அவர் சாதித்ததை வாழ்நாள் சாதனை என்றே சொல்ல வேண்டும்.

“ஐயா அவர்கள் வரும்போது திரை விலகணும்னு சங்கல்பம். விலகிடுத்து. பாருங்கோ, அகற்றப்பட்ட திரைக்குப் பின்னாலே ஸாக்ஷாத் பிரகிருதி. நம் கம்பெனி சேர்மனின் மறுசீரமைப்புப் பணியின் பலனாக இங்கே திரும்பி வந்திருக்கும் பட்சி ஜாலங்கள்.”

கைத்தட்டல். கையை ஓங்கினவனும் தட்டினான். தாயுமானவனுக்கு ரத்தம் திரும்பி வந்தது.

“எல்லாம் நீங்க வளர்க்கிறதா?” என்று கேட்டார் சிறப்பு விருந்தினர். மைக்கில் கேட்டது.

“ஆமாங்கய்யா. நம்ம பிள்ளைங்க மாதிரி.”

சப்-இன்ஸ்பெக்டர் ஆபிதாவைத் திரும்பிப் பார்த்தார். கேஸ் இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகம் அவருக்கே வந்துவிட்டது. திரை விலகுவது நிகழ்ச்சி நிரலில் இருந்தால், விலக்கியவளை எந்தப் பிரிவில் போடுவது?

“நல்லாத்தானே முடிஞ்சது மேடம்” என்றார் குரலைத் தாழ்த்தி. “பேசாம வீட்டுக்குப் போங்க. நான் பார்த்துக்கறேன்.”

மைக்கில் இப்போது சிறப்பு விருந்தினர். உணர்ச்சிவசப்பட்டிருந்தார். இந்தக் காட்சியைக் கண்டு தன் உள்ளம் நெகிழ்ந்ததாகச் சொன்னார். இப்படிப்பட்ட கம்பெனிக்கு இன்னொரு குவாரி இல்லை, இன்னும் பத்து குவாரி கொடுக்கலாம் என்றார். இந்த அரிய பறவைகள் வெறும் மண் சுவரில், ஏழைபாழைகள் போல ஓட்டையில் வாழ்வதைப் பார்க்கத் தனக்குக் கஷ்டமாக இருப்பதாகவும் சொன்னார்.

“மழை பெஞ்சா இடிஞ்சு விழாதா? பாம்பு ஏறாதா? அதனால இந்தச் சுவர் முழுக்க சிமெண்ட் பூசி, அழகா டைல்ஸ் ஒட்டி, மேல ஷீட் போட்டு, நம்ம செலவுலயே பறவைகளுக்கு ஒரு மாளிகை கட்டித் தர்றதா இந்த மேடையில அறிவிக்கிறேன். தாயுமானவன், வேலையை நாளைக்கே ஆரம்பிச்சுடணும்.”

தாயுமானவன் கைகூப்பினார். “இன்னிக்கே ஆரம்பிச்சுடறோங்கய்யா. கலவை மிஷின் சைட்லயே இருக்கு.”

கைத்தட்டல் பள்ளத்தின் நாலு பக்கமும் எதிரொலித்தது. பிச்சமுத்து ஒருவர்தான் தட்டாமல் நின்றார். அவர் ஜீப்பைப் பார்த்தார், ஆபிதாவும் அவரைப் பார்த்தாள். பிறகு அவர் தலையைக் குனிந்துகொண்டு கலவை மிஷின் இருந்த பக்கம் நடந்தார்.

ஆபிதா நோட்டைப் பைக்குள் வைத்தாள். ஜீப்பின் கதவைத் திறந்து இறங்கினாள்.

“எங்க மேடம்? ஸ்கூட்டர் அந்தப் பக்கம்” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

“தெரியும். பொம்பளை போலீஸை வரச் சொல்லுங்க. ரெண்டு பேரா வரட்டும்” என்று சொல்லிவிட்டு, சாய்ந்து கிடந்த ஏணியைத் தூக்கிக்கொண்டு அவள் சுவரை நோக்கி நடந்தாள்.